கல்லுப்பு

மனைவி எலிசாள் கழுவிவிட்ட ஈரத் தரையில் நேசையன் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டான். எழுந்து பார்த்தால் வேட்டியில் ஈரமில்லை. சுற்றிலும் தண்ணீர் மினுங்க, அவன் உட்கார்ந்த இடம் மட்டும் உலர்ந்து கிடந்தது.

ஐந்து நாளாக ஒரு மடக்கு நீர் குடிக்கவில்லை, தாகமும் இல்லை. ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்கக் கர்க்கடக மாத அடைமழை, நனைந்த சாக்கின் புளித்த வாடை. நனைந்து வந்தாலும் வாசல் ஏறுவதற்குள் உடம்பு காய்ந்துவிடுகிறது. கால்கள் மட்டும் வீங்கிக்கொண்டே போயின.

காரணம் அவனுக்குத் தெரிந்திருந்ததுதான் கொடுமை. கல்லூரி விலங்கியல் கூடத்தில் பத்தொன்பது வருட அட்டெண்டர் அவன். தவளை வாயால் குடிக்காது, தோலால் குடிக்கும். அதை மாணவர்களுக்குக் காட்ட, முந்தின நாளே தவளைகளை உலரப் போடுவது அவன் வேலை. நல்ல தண்ணீரில் விட்டது எடை கூடும். உப்புத் தண்ணீரில் விட்டது குறையும். உடம்பின் நீரை உப்பு தோல் வழியே வெளியே இழுத்துவிடும். அதை அரைமணியில் தூக்கிவிட வேண்டும். ஐந்து நாள் முன்னால், திங்கட்கிழமை, சாயா குடிக்கப் போனவன் பேச்சில் மறந்துவிட்டான். திரும்பி வந்தபோது அது பழைய கையுறை மாதிரி சுருங்கி, கண்ணை மட்டும் அவன்மேல் வைத்திருந்தது. அப்போதும் உயிர் இருந்தது.

"இதென்ன, காலு பூசணிக்கா கணக்கா இருக்கு?" என்றாள் எலிசாள்.

"ஒண்ணுமில்ல பிள்ளே. மழையில நடந்ததாக்கும்."

வேறென்ன சொல்வது? பைத்தியம் என்பாள். பயத்திலும் அலுப்பிலும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தான்.

விழித்தபோது கால்கள் வெந்நீர்த் தொட்டியில் இருந்தன. பாதம் எரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கல்லுப்பு போட்டிருக்கேன். எங்கம்மைக்கு இப்பிடித்தான் வடிஞ்சுது" என்றாள், குனிந்து கெண்டைக்காலை நீவியபடி.

காலை எடு என்று கத்தப் பார்த்தான். குரல் வரவில்லை. முழங்கால் அசையவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏறியது. விரலளவு. நான்கு விரலளவு.

"பாருங்க, வீக்கம் எறங்குது!" அவள் குரலில் அத்தனை சந்தோஷம்.

கை விரல்கள் சுருங்கின. உதடு பல்லோடு ஒட்டியது. தொட்டி விளிம்பு தாண்டி வழிந்தது.

"அய்யோ, வெள்ளம் கூடிப்போச்சே. உப்பு பத்தாது." எலிசாள் தலை நிமிராமல் உப்புச் சட்டியை இழுத்து, இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

நேசையன் கண்ணை மட்டும் அவள்மேல் வைத்திருந்தான்.