அப்பா கட்டிலில்தான் செத்தார்

ஆஸ்திரேலியப் பாலைவனச் சுரங்க ஊரான கூபர் பீடியின் மணற்கல் குரலை விழுங்கிவிடும்; எதிரொலிக்காது. அங்கே தரைக்கடியில் குடைந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஸோரிட்சாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்று காலை பதினோரு மணிக்கு, மேலே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, கீழே குளிர்ந்த அறையில் தன் நாவலின் கடைசி அத்தியாயத்தை அவள் உரக்க வாசித்தபோது, ஒவ்வொரு வரியும் பின்சுவரிலிருந்து கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தாழ்ந்த குரலில் திரும்பி வந்தது.

எழுதியதை வாய்விட்டு வாசித்துத் திருத்துவது அவள் பழக்கம். அதற்காகவே, ஓப்பல் ரத்தினக்கல் தோண்டும் எந்திரத்தை இரவல் வாங்கி இந்த அறையைக் குடைந்திருந்தாள். பதினோரு பதிப்பகங்கள் நாவலைத் திருப்பி அனுப்பியிருந்தன. அப்பா சாகும் இடத்தில் உயிரே இல்லை என்றது கடைசிக் கடிதம். அவள் அப்பா நிஜமாகவே அப்படித்தான் செத்தார். அடிலெய்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில், சூப் கேட்டபடி.

பக்கத்து வீட்டு ஸ்டிபே, நாற்பது வருடம் ஓப்பல் தோண்டிய கிழவர். அவரிடம் கேட்டாள்.

"மாமா, என் பின்சுவருக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? முழுக் கல்லு. ஏன், உன் கதையக் கேட்டுட்டுக் கொட்டாவி விடுதா?"

"திருப்பிச் சொல்லுது."

அவர் சிரிப்பு நின்றது. "அந்த ரூம மூடிடு புள்ள. மேல வந்து எழுது."

மூடவில்லை. தன் கையால் குடைந்த அறையை எதற்கு மூட வேண்டும்? மறுநாளும் வாசித்தாள். வருடக்கணக்கில் மழை பார்க்காத அந்த மண்ணிலிருந்து புதிதாக வெட்டிய ஈரமண்ணின் வாடை வந்தது. 'அப்பா சூப் கேட்டார்' என்ற வரியைச் சுவர் திருப்பிச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னது.

"அப்பா சுரங்கத்தில் இறங்கினார். ஏணி மட்டும் மேலே வந்தது."

நல்ல வரி. அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எழுதிக்கொண்டாள். அடுத்ததையும், அதற்கடுத்ததையும் எழுதிக்கொண்டாள். பிறகு, ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டில் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்தாள். நினைவில் ஏணிதான் வந்தது. அப்பாவின் முகம்? ஏணி.

பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. மூன்று வரிகளையும் தாள் கிழியும்படி அடித்தாள்.

"எங்கப்பா ஆஸ்பத்திரிலதான் செத்தாரு," என்றாள் சுவரைப் பார்த்து. "சப்புன்னு இருந்தாலும் அதுதான் என் கதை. உன் சரக்கு எனக்கு வேணாம்."

வாசித்தாள். சுவருக்குள் சுரண்டல். குரலை உயர்த்தினாள். மண் உதிர்ந்தது. மேசைமேல். தாள்மேல். தட்டிவிட்டு வாசித்தாள். ஒரு துளை. விரல் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. விளக்கை அந்தப் பக்கம் திருப்பினாள்.

துளை முழுக்க ஒரு காது. வெள்ளை மண் அப்பிய மனிதக் காது.

"சூப் ஆறிவிட்டது என்றார் அப்பா," என்று வாசித்தாள்.

காது மெல்ல விலகியது. அந்த இடத்துக்கு, உதடுவரை மண் நிறைந்த ஒரு வாய் வந்து திறந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.