கவிழ்த்து வைத்த கோப்பை

"1986 நவம்பர் 6, வியாழன். ஒரு சிறு தவறு. பீங்கான் கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கியபோது ஒன்றை வெளியே விட்டுவிட்டேன். இல்லை, விட்டது நேற்று. பார்த்தது இன்று."

மாலை வகுப்புக்காக ஆர்டித் எழுதும் நாட்குறிப்பு அன்று இப்படித் தொடங்கியது. தான் எழுதியதையே அவள் ஒருமுறைக்கு இருமுறை சந்தேகப்படுவாள். ஆனால் அந்தக் கோப்பையில் சந்தேகமில்லை. கடையின் சாப்பாட்டுக் கவுண்டரின் கோடியில், கடைசி ஸ்டூலுக்கு எதிரே, சாஸரின் மேல் கவிழ்ந்திருந்தது. காப்பி வேண்டாம் என்பவர்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

கடை மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. மிச்சத்தைப் பெட்டி கட்டும் வேலை ஆர்டித்துக்கும் டோரீனுக்கும்.

நூல்கண்டு, சீப்பு, தங்கமீன் என்று எதையும் ஐந்து சென்ட்டுக்கும் பத்து சென்ட்டுக்கும் விற்ற ஹாட்லி கடையில் இப்போது காலி அலமாரிகள்தான். எண்ணெய் ஊறிய மரத்தரையில் மட்டும் வறுத்த வேர்க்கடலையின் வாசம் போகவில்லை. மறுநாள் காலை ஆட்கள் வந்து ஸ்டூல்களைக் கழற்றிக்கொண்டு போவார்கள்.

"பெட்டிய மூணு தடவ எண்ணுவியே, எப்படி விட்ட?" என்று சிரித்தாள் டோரீன். அந்தக் கவுண்டரில் பரிமாறியே தலை நரைத்தவள். "ஊர்ல பாதிக் கல்யாணம் இந்த ஸ்டூல்லதான் நிச்சயமாச்சு, தங்கம்."

"மீதிப் பாதி, மிஸ் டோரீன்?"

"இங்கதான் முறிஞ்சுது."

ஆர்டித்தும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "எங்கம்மா இங்க உக்காந்து பாத்திருக்கீங்களா?"

டோரீனின் கைத்துணி நின்றது.

ஆர்டித்தின் அம்மா எர்லீன் ஆகஸ்டில் இறக்கும்வரை பின்கட்டில் சமைத்தவள். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கறுப்பினத்தவர் அந்தக் கடையில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். வெள்ளையர் உட்காரும் ஸ்டூலில் மட்டும் உட்கார முடியாது. கவுண்டரின் கோடியில் நின்று, காகிதக் கோப்பையில் குடித்துவிட்டுப் போக வேண்டும்.

"சட்டம் மாறி யாரும் உக்காரலாம்னு ஆனப்புறம் நானே அவள உக்காரச் சொன்னேன்" என்றாள் டோரீன். "'என்கூட நின்னவங்கல்லாம் மொதல்ல உக்காரட்டும்'னா. ஏதோ வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சுட்டேன்."

துணியை மடித்து வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சம் கண்ணாடிக் கதவோடு நின்றுவிட்டது. ஆர்டித் கோப்பையைக் கழுவி, நிமிர்த்தி வைத்து, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினாள். ஆவி எழுந்தது.

"உக்காரும்மா" என்றாள் மெதுவாக. "இன்னிக்கு விட்டா ஸ்டூலே இருக்காது."

ஒன்றும் நடக்கவில்லை. தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. சாவியை எடுக்கத் திரும்பினாள்.

வதக்கிய வெங்காயத்தின் வாசம் வந்தது.

அடுப்பின் குழாயைப் போன வாரமே துண்டித்திருந்தார்கள்.

கடைசி ஸ்டூல் கிறீச்சிட்டது. யாரோ கை வைத்துப் பார்ப்பதுபோல் கொஞ்சம் சுழன்றது. நின்றது. பிறகு பழைய இடத்துக்கே திரும்பியது.

கோப்பை கவிழ்ந்திருந்தது.

சாஸரில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஏம்மா?" என்றாள். "இப்பவுமா?"

அவளுக்குப் பின்னால், காலி அலமாரிகளின் இருட்டில், ஒரு காகிதக் கோப்பை கசங்கும் சத்தம்.

சற்றுத் தள்ளி இன்னொன்று.

பிறகு சுவரோரம் நெடுக.

யாரோ இருமினார்கள். தன் முறைக்காகக் காத்திருந்தே பழகியவரின் தாழ்ந்த இருமல். தரைப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகின. வெகுநேரம் நின்றவர்கள் வலி தாங்காமல் கால் மாற்றி நிற்கும்போது அப்படித்தான் முனகும்.

அம்மா தனியாக வரவில்லை.

ஆர்டித் திரும்பிப் பார்க்கவில்லை. "எத்தன பேரும்மா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு வெங்காய வாசம் கழுத்தருகே வந்து நின்றது.

வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனாள். எல்லோரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பின்சுவரோரம் பலகை முனகியது. யாரோ கால் மாற்றி நின்றார்கள்.

அவள் தலை நிமிராமல் கடைசி வரியை எழுதினாள்:

"நாளை: ஆட்கள் வருமுன் கடைக்குப் போக வேண்டும். பெட்டியைப் பிரித்து, எல்லாக் கோப்பைகளையும் கழுவி, ஒவ்வொரு ஸ்டூலுக்கு எதிரிலும் ஒன்றை நிமிர்த்தி வைக்க வேண்டும்."