வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

இரவு முழுவதும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, காலை ஏழரைக்கு வீடு திரும்பிய பெரியவள் தன் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கதவில் புதிதாக ஒரு தாழ்ப்பாள். அதுவும் வெளிப்பக்கம்! கீழே மரத்தூள் இன்னும் கூட்டப்படாமல் கிடந்தது.

“ஏங்க... இது என்னங்க?”

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. இரும்புச் சாமான் கடையில் இருபது வருடமாக நிற்கிற மனிதர். தாழ்ப்பாளுக்குக் காரணம் சொல்ல அவருக்குத் தெரியாதா என்ன!

“காத்துல கதவு அடிச்சுக்குதுல்ல... அதுக்குத்தான்.”

“உள்பக்கம்தான் ஒண்ணு இருக்கே!”

“அது லூசாயிடுச்சு. வந்ததும் வராததுமா விசாரணையை ஆரம்பிக்காத. போய்ப் படு.”

மூத்த மருமகள் என்பதால் அந்த வீட்டில் அவள் பெயரே பெரியவள். கொழுந்தனைப் படிக்க வைக்கத்தான் பதினொரு வருடத்துக்கு முன்னால் இரவு வேலைக்கு ஒப்புக்கொண்டாள். அவன் படித்து முடித்தான், வேலைக்குப் போனான், கல்யாணமாகிக் குழந்தையும் வந்துவிட்டது. இரவு வேலை மட்டும் அவளை விடவில்லை. அவளுக்கென்று பிள்ளை இல்லை. ஆனால் ஓரகத்தியின் ஏழு மாதக் குழந்தை பெரியம்மா மடியில் போட்டால்தான் தூங்கும்.

அவளுக்குத்தான் தூக்கம் சரியில்லை. இரண்டு வருடமாக இந்த அவஸ்தை. கண் செருகும் நேரத்தில் தலைக்குள்ளே இரும்புக் கதவை அறைந்து சாத்தியதுபோல் ஒரு சத்தம் கேட்கும். சில நாள் படியில் கால் தவறினாற்போல் உடம்பு தூக்கிப் போடும். சில நாள் கட்டிலின் கால்மாட்டில் யாரோ நிற்பார்கள். காது கேட்கும், நினைவு இருக்கும், ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. கத்த நினைத்தால் குரல் வராது.

இதை அவள் கணவர் ஒருவரிடம்தான் சொன்னாள். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க... பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் இருக்கேன்ல?” என்றார் அவர். அவளுக்கு மூச்சு வாங்கி இமை துடித்தால் இடது கைச் சுண்டுவிரலை அழுத்த வேண்டும், உடனே கட்டு அவிழ்ந்துவிடும். அதை இருவருமாகத்தான் கண்டுபிடித்தார்கள். கடைக்குக் கிளம்புமுன் அவள் கண் அசரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் ஒழுங்காகத்தான் அழுத்திக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அப்படிக் கட்டுண்டு கிடந்தபோது கதவு திறந்தது. மூன்று பேர் வந்து நின்றார்கள்.

“நீயே பாருடா” என்றது கணவரின் குரல். “ஆள் நிக்குதுங்கிறா, சத்தம் கேக்குதுங்கிறா. மூளை கலங்கிட்டு வருது. குழந்தையை இனிமே அவகிட்ட குடுக்காதீங்க.”

“அண்ணி தூங்குறப்போ வெளிய பூட்டிடுங்க அண்ணா. இல்லைன்னா நாங்க தனியாப் போயிடறோம்.” இது கொழுந்தன்.

ஓரகத்தியின் வளையல் சத்தம் கேட்டது, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அளவு டேப்பை இழுக்கும் சத்தம். “நாலு இஞ்ச் தாழ்ப்பாள் போதும்” என்றார் கணவர். அவள் சுண்டுவிரலை அவர் தொடவே இல்லை.

சாயங்காலம் கேட்டபோது சிரித்தார். “அட, நீ வழக்கமா கேக்குற சத்தம்தான். கனவையும் நிஜத்தையும் போட்டுக் குழப்பிக்காத.” அவள் நம்பிவிட்டாள்! நம்பியதோடு விட்டாளா? கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டோமே என்று ஒரு வாரம் தன்னையே திட்டித் தீர்த்தாள்.

இப்போது அவள் அவருடைய கடைப் பையைத் திறந்து டேப்பை எடுத்தாள். தாழ்ப்பாளின்மேல் வைத்து அளந்தாள்.

“நாலு இஞ்ச்... என் கனவு அளவெல்லாம் எவ்வளவு சரியாச் சொல்லுது, பாத்தீங்களா!”

செய்தித்தாள் நழுவியது. பல் துலக்கிக்கொண்டிருந்த கொழுந்தன் வாயில் நுரையோடு ஓடிவந்தான்.

“இதைத்தான்டா சொன்னேன்!” என்று கணவர் எழுந்தார். “முத்திப் போச்சு இவளுக்கு!”

அவள் அவரைப் பார்க்கவில்லை. குழந்தையோடு வந்து நின்ற ஓரகத்தியைப் பார்த்தாள்.

“நீ சொல்லும்மா... அன்னைக்கு நான் கேட்டது நிஜமா, பொய்யா? பொய்னா சொல்லிடு. நானே உள்ள போய் உக்காந்துக்கறேன், நீங்களே பூட்டிக்கோங்க. குழந்தையைத் தொடவும் மாட்டேன்...”

சின்னவள் கணவனைப் பார்த்தாள். அவன் வேண்டாமென்று கண்ணைக் காட்டினான்.

“நிஜம்தான் அக்கா... ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்!”

“நீ உள்ள போ!” என்றான் கொழுந்தன்.

“போக மாட்டேன்! எனக்கும் அப்படித்தான் இருக்கு! இவன் பொறந்ததுலேர்ந்து ராத்தூக்கம் போச்சு... கண்ணு அசந்தா யாரோ என்னைக் கூப்பிடறாங்க, உடம்பைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுது. இவனுக்கு ஊசி போடப் போனப்போ டாக்டரம்மாகிட்ட கேட்டேன். தூக்கம் கெட்டா நிறைய பேருக்கு இப்படி வரும், பைத்தியமெல்லாம் இல்லன்னாங்க. வீட்டுல சொல்லலாம்னு வந்தேன்... இவங்க ரெண்டு பேரும் தாழ்ப்பாள் பேச்சு பேசினாங்க. எனக்கும் ஒண்ணு போட்டுட்டா...? அந்தப் பயத்துல வாயை மூடிக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க அக்கா!”

பெரியவள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நடுவில் நசுங்கிய குழந்தை பெரியம்மாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டு பெண்களும் விம்மி விம்மி அழுதார்கள். கொழுந்தன் நுரையைத் துப்பவும் தோன்றாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

“போன மாசம் நீ தூக்கத்துலேர்ந்து அலறிக்கிட்டு எழுந்ததுலேர்ந்து தம்பி தனியாப் போறேன்னான்... குடும்பம் உடையக் கூடாதுன்னுதான்...” கணவர் தடுமாறினார்.

“நான் நம்பிச் சொன்னதை வெளிய சொன்னீங்க... அதைக்கூடப் பொறுத்துக்குவேங்க. ஆனா என் காதையே பொய்னு என்னை நம்ப வெச்சீங்களே! அந்த மனசு எப்படிங்க வந்துச்சு உங்களுக்கு?”

அவள் அதே பையிலிருந்து திருப்புளியை எடுத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தாழ்ப்பாளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“கடையிலேயே திருப்பிக் குடுத்துடுங்க. நாளைக்கு நான் பகல் வேலை கேக்கப் போறேன். படிக்க வெக்க வேண்டியவங்கள்லாம் படிச்சு முடிச்சாச்சு.”

அவள் போய்ப் படுத்தாள். சற்று நேரத்தில் அவர் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்து, கண் கலங்க, அவள் சுண்டுவிரலுக்குக் கை நீட்டினார். அவள் கையை இழுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“சின்னவளை வரச் சொல்லுங்க.”

அவர் எழுந்து போனார். கண் செருகியது... தலைக்குள் அந்த இரும்புக் கதவு அறைந்தது. உடம்பு கட்டுண்டது. கால்மாட்டில் யாரோ நின்றார்கள். அப்போது சுண்டுவிரலை ஒரு சின்னக் கை அழுத்தியது, எல்லாம் அவிழ்ந்தது. கண் திறந்தால், மடியில் குழந்தையோடு ஓரகத்தி பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் பிஞ்சு விரல்களைப் பிடித்து அவள் விரலில் பதித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் துடைப்பச் சத்தம் கேட்டது. கணவர் குனிந்து மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டட்டும் என்று அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.