நியூட்ரலில் விட்ட வண்டி

காலையில் துடைத்த கண்ணாடியில் சாயங்காலம் மறுபடியும் கை பதிந்திருந்தது.

செல்வகுமார் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். ஆம்பூரில் மழை வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் காம்பவுண்டு சுவரில் மோதி மோதி அடங்க, தரைத்தளத்துத் தூண்களுக்கு நடுவே ஆறு மணிக்கே இருட்டு கட்டியிருந்தது. அவனுடைய காரின் பின்கண்ணாடியில், ஒரே பகலில் படிந்த புழுதியில், இரண்டு உள்ளங்கைகள். வலது கையில் ஐந்து விரல். இடது கையில் நான்கு. மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புழுதி கலையாமல் இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தான். இருபத்து மூன்று நாளாகத் துடைக்கிறான்.

அந்தக் குடியிருப்பில் பதினாறு வீடு, ஒன்பது கார் நிறுத்தத்தான் இடம். இடம் கிடைக்காதவர்கள் மற்ற வண்டிகளுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைக் கையால் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்வார். எந்த நோட்டீஸிலும் எழுதாத ஏற்பாடு. அதை நம்பித்தான் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

செல்வகுமாரின் புதுக் காரை மூன்றாம் வாரமே யாரோ தள்ளித் தூணில் உரசிவிட்டார்கள். கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ‘இனிமே எவன் தள்றான்னு பாக்கறேன்’ என்று அந்த ஒரே ஒரு நாள், வண்டியை கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பூட்டிவிட்டு, போனையும் சைலண்டில் வைத்துவிட்டு நாலாவது மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். கோபம்கூட இல்லை, குஷியாக இருந்தது. அந்தக் குஷியை நினைத்தால்தான் இப்போதும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அன்றைக்கு உள்ளே மாட்டிக்கொண்டது முதல் மாடி காசியின் பழைய கார். தோல் கம்பெனியில் முப்பது வருடம் உழைத்து, இடது மோதிர விரலை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவர். நெஞ்சுவலி. அவர் மனைவி விஜயகுமாரி டீச்சர் ஆட்டோ பார்க்கத் தெருவுக்கு ஓட, அவர் தனியாக நின்று குறுக்கே இருந்த வண்டியைத் தள்ளியிருக்கிறார். தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். போனில் ஒன்பது மிஸ்டு கால்.

அதை எதேச்சையாகப் பார்த்து செல்வகுமார் இறங்கி வந்தபோது, அவர் அவனுடைய வண்டிக்குப் பின்னால் தரையில் கிடந்தார். அவரைத் தொடுவதற்கு முன் அவன் இரண்டு காரியம் செய்தான். வண்டியைத் திறந்து கியரையும் பிரேக்கையும் எடுத்துவிட்டான். கண்ணாடியில் இருந்த கைத்தடத்தைத் துடைத்தான். அதற்குப் பிறகுதான் “டீச்சர்!” என்று கத்தினான்.

இன்றைக்கு டீச்சர் வந்திருந்தார். காசியின் காரியம் முடிந்ததும் அரக்கோணத்தில் மகள் வீட்டோடு போய்விட்டவர், அவருடைய காரை எடுத்துப்போக மருமகனோடு வந்து, செல்வகுமாரைக் கீழே கூப்பிட்டிருந்தார். வழக்கம்போல அவன் வண்டிதான் குறுக்கே நின்றது.

தூண் மறைவிலிருந்து டீச்சர் வந்தார். இருபது நாளில் பாதியாக இளைத்திருந்தார்.

“மருமகன் கேட்டாண்ட நிக்கிறாரு. அதுக்குள்ள உன்ன ஒண்ணு கேக்கணும் தம்பி. அன்னிக்கி உன் வண்டி நியூட்ரல்ல தானே இருந்துது?”

அவன் கர்ச்சீப்பைப் பாக்கெட்டுக்குள் திணித்தான்.

“தூக்கமே இல்லப்பா. அவரு தள்ளியும் ஏன் நகரல? நான் கூட நின்னு ஒரு கை குடுத்திருந்தா நகர்ந்திருக்குமோ? அவர உட்டுட்டு ஓடிட்டேனே.”

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் இந்த அம்மாள் இன்றைக்குத் தூங்குவார். ஆனால் பதினாறு வீட்டுக்கும் தெரிந்துவிடும். நாளை லிஃப்டில் எவன் முகத்தில் விழிப்பது?

“நியூட்ரல்ல தான் டீச்சர் இருந்துச்சி.”

டீச்சர் மெதுவாகத் தலையாட்டினார். “அப்போ தப்பு என்னுது தான்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தன் காரின் கதவருகே போய் நின்றார். “சரி, கொஞ்சம் தள்ளிடு தம்பி.”

அவமானத்தில் காது சுட்டது. சாவி எடுக்க மேலே போகக்கூடத் தோன்றவில்லை. தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம்; அதற்குள் புகுந்து, டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினான். நகரவில்லை. காலை உந்தித் தள்ளினான். நகரவில்லை. ஊறவைத்த தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. ஊரெல்லாம் அடிக்கிற வாடைதான், ஆனால் இது மிகப் பக்கத்தில், யாரோ முகத்துக்கு நேரே மூச்சு விடுவதுபோல் வெதுவெதுப்பாக வந்தது.

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். முன்சீட்டுகளுக்கு நடுவே ஹேண்ட் பிரேக் தூக்கி நின்றது.

இறக்கிவிட்டுத்தான் போனான். நன்றாக நினைவிருக்கிறது. இருபத்து மூன்று நாளாக, தினமும், இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறான்.

கண்ணாடியில் ஆவி படர்ந்தது. உள்பக்கம்.

ஆவிக்குள் ஒரு கை அழுந்தியது. ஐந்து விரல். பக்கத்தில் இன்னொன்று.

நான்கு.

வண்டி நகர்ந்தது. பின்னால். அவன் பக்கம்.

முழங்காலில் பம்பர். முதுகில் தூண்.

“நகருதா தம்பி?” டீச்சரின் குரல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. “நியூட்ரல்ல தான இருக்குது?”

இல்லை. பிரேக் போட்டிருக்கிறது. அன்றைக்கும் போட்டிருந்தேன்.

வாயைத் திறந்தான். பயத்தை வெட்கம் முந்திக்கொண்டது.

“ஆமா... டீச்சர்.”

இன்னொரு அங்குலம். முழங்கால் மடங்க இடமில்லை. அவன் முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான்கு விரல்களும் வெளுத்துப்போகும்வரை அழுந்தித் தள்ளின.