அந்தம்மாகிட்ட குடுத்துடவா?

அன்றைக்கு அவள் சோற்றைப் பிசைவதற்கு முன்பே குழந்தை வாயைத் திறந்துவிட்டது.

திறந்ததோடு நிற்கவில்லை. மூடி, மென்று, விழுங்கியது. "என்னடி மெல்லுற?" என்று தாடையைப் பிடித்து வாய்க்குள் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இடுப்பில் உட்கார்ந்திருந்த சுண்டு அம்மாவைப் பார்க்கவே இல்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தைப் பார்த்தபடி அடுத்த வாய்க்கு ஆ காட்டியது.

வேறு பிள்ளையாக இருந்தால் விளையாட்டு என்று விட்டிருப்பாள். சுண்டு சாப்பாட்டில் விளையாடுகிற ரகம் இல்லை. அப்பா வைத்த செல்லப் பெயர் சுண்டெலி. கொறிப்பதும் அந்த அளவுக்குத்தான். இந்த நாட்டுக்கு விமானம் ஏறிய நாளிலிருந்து அந்தக் கொறிப்பும் நின்றுபோனது. அப்பாவுக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். ஊரில் இயற்பியல் டீச்சராக ஒரு வகுப்பையே ஒரு முறைப்பில் அடக்கியவள், இங்கே நான்காவது மாடியில் ஒரே ஒரு வாண்டின் முன்னால் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். போதாததற்கு அத்தை வேறு. கணவனின் அம்மா தினமும் வீடியோ காலில் வந்ததும் முதலில் பேத்தியின் கழுத்தெலும்பைத்தான் பார்ப்பாள். "ஏம்மா, பிள்ள இப்படித் துரும்பா இளைச்சுக் கிடக்கே, என்னதான் குடுக்கிற நீ?" என்பாள். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் கூடவே வரும்.

ஊரில் என்றால் பூச்சாண்டி இருந்தான். இங்கே அவன் பருப்பு வேகவில்லை. "அவனுக்கு விசா கிடைக்கல போல" என்று கணவன் சிரித்தான். அதனால் அவள் உள்ளூர் ஆள் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டாள். குப்பைத் தொட்டிகளும் சைக்கிள்களும் நிற்கிற சந்துக்கு அப்பால், இவர்கள் சமையலறைக்கு நேர் எதிரே, அதே நான்காவது மாடியில், திரை இல்லாத ஒரு ஜன்னல் இருந்தது. மதியம் முடிந்த கையோடு இருட்டிவிடுகிற அந்தக் குளிர்காலத்தில், விளக்கு எரியாத அந்த ஜன்னலில் கோட்டு போட்ட ஒரு பெண் நிற்பாள். முகம் தெரியாது. "அதோ பாரு, சாப்பிடலன்னா அந்தம்மாகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன். குடுத்துடவா?" என்று சுண்டுவை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் பக்கம் நீட்டுவாள். பிள்ளை அலறித் திரும்பி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்துவிடும். அந்த ஒரு வாய் உள்ளே போனால் போதும், அடுத்த வாய்க்கு மறுபடியும் அதே மிரட்டல். அப்படியே கிண்ணம் காலியாகும்.

முன்பின் தெரியாத ஒருத்தியைப் பேயாக்குகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு நாள் அந்தப் பெண் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து வைத்து எடுத்தாள். கையாட்டுகிறாள் என்று நினைத்து இவளும் அசடு வழியக் கையாட்டினாள். இன்னொரு நாள் இவள் பிள்ளையை நீட்டியபோது, அங்கிருந்தும் இரண்டு கைகள் வாங்கிக்கொள்வதற்காக நீண்டன. பரவாயில்லையே, விளையாட்டுத் தெரிந்த பொம்பளைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நாம பேசறது அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமோ?" என்று அன்று கணவனிடம் கேட்டாள்.

"இந்த ஊர்ல யாருக்கு டீச்சரம்மா தமிழ் தெரியும்? லிஃப்டுல நின்னு ஒவ்வொருத்தரையும் என்ன கிழி கிழிக்கிறோம், எவனாவது திரும்பிப் பார்த்தானா?" அவன் ஜன்னலோரம் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அட, ஆளே இல்லடி. யாரோ கோட்டைக் கழட்டி மாட்டி வச்சிருக்காங்க. உன் கோட்டு மாதிரியே இருக்கு பாரு."

அவளுடைய கோட்டு, அவனோடு வேலை பார்க்கும் ஒருவர் கொடுத்த பழைய பழுப்புக் கோட்டு. அது பத்திரமாக வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அவளும் சிரித்துவிட்டாள். மாட்டி வைத்த கோட்டுக்கு ஏது கை என்று பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. குழாயை மூடிவிட்டு எதிரே பார்த்தாள். ஜன்னல் காலியாக இருந்தது.

வெறும் வாயை மென்ற அந்த நாளுக்குப் பிறகு சுண்டு வீட்டில் சாப்பிடுவதையே விட்டுவிட்டது. அடமும் இல்லை, அழுகையும் இல்லை. "வயிறு ரொம்பிடுச்சு" என்று பெரிய மனுஷிபோல வயிற்றைத் தட்டிக் காட்டும். சாப்பிடாத பிள்ளை வாட வேண்டும் இல்லையா? ஆனால் கன்னத்தில் சதை வைத்தது. மணிக்கட்டில் மடிப்பு விழுந்தது. அத்தை திரைக்கு முத்தம் கொடுத்து, "இப்பதாம்மா பார்க்கிற மாதிரி இருக்கா. நல்லா ஊட்டுற, இப்படியே ஊட்டு" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தை வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அது தனக்கு வரவேண்டியது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அப்படியானால் ஊட்டுவது யார்?

ஒரு காலையில் தூங்கி எழுந்த பிள்ளையின் தலைமுடியில் சோற்றுப் பருக்கை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. குனிந்து வாயை முகர்ந்தாள். நெய் வாசனை, அதுவும் அப்போதுதான் உருக்கியதுபோல. ஊரிலிருந்து கொண்டுவந்த நெய் தீர்ந்து பாட்டிலைக்கூடக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. முதல் சந்தேகம் புருஷன் மேல்தான் விழுந்தது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பிள்ளைக்கு ஏதாவது ஊட்டுறீங்களா?"

"பெத்த பிள்ளைக்கு நான் எதுக்குடி திருட்டுத்தனமா சோறு ஊட்டணும்?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நாள் பூரா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிறல்ல, அதான். கொஞ்சம் வெளிய போய்ட்டு வா."

அவள் நம்பவில்லை. அவன் குளிக்கப் போனதும் பையைக் கிளறினாள், சட்டையை முகர்ந்தாள். மருத்துவமனை வாசனைதான் வந்தது. தூங்கப் போகும்முன் வாசல் கதவுக்கு உள்சங்கிலி போட்டாள். விடிந்ததும் போட்டது போட்டபடி இருந்தது. பிள்ளையின் உதட்டோரம் மட்டும் பளபளத்தது.

மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "கண்ணு, யாரும்மா உனக்கு மம்மு குடுத்தா?"

சுண்டு ஜன்னலைக் காட்டியது. "அம்மா."

"அந்தம்மாவா?"

பிள்ளை ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து யோசித்தது. "அம்மா," என்றது மறுபடியும். சொல்லிவிட்டு அவள் மடியிலிருந்து வழுக்கி இறங்கிப் போய்விட்டது.

கணவனுக்கு விடுமுறை வந்த நாளில், எதிர் ஜன்னலில் முதல்முறையாக வெளிச்சம் தெரிந்தது. வெள்ளை உடுப்பில் இரண்டு ஆட்கள் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் அறை, ஏணி, வாளி, ஒரு நிற்கும் விளக்கு, அவ்வளவுதான். அப்பனும் மகளும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். காலையில் துவைத்த நீலப்பூ நைட்டி குளியலறைக் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. போன் சமையலறை ஜன்னல் திண்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவதற்குப் போன் எதற்கு என்று விட்டுவிட்டாள். பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, "குப்பையைப் போட்டுட்டு வந்துடறேன், பிள்ளையப் பார்த்துக்குங்க" என்றாள். அவன் தூக்கத்திலேயே ம் கொட்டினான்.

எதிர்க் கட்டடத்தில் படியேறிப் போகும்போது மூச்சு வாங்கியது. மேலே பெயின்டர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு பார்க்க வந்தேன் என்று தெரிந்த நாலு வார்த்தையில் சொல்லிச் சமாளித்தாள். மூத்தவர் தோளைக் குலுக்கி உள்ளே கை காட்டினார். ரொம்ப நாளாகக் காலி, யாரும் இல்லை என்று அவர் சொன்னது அரைகுறையாகப் புரிந்தது. விளக்கைத் தூக்கிக்கொண்டு இருவரும் இறங்கிப் போனார்கள்.

அறைக்குள் சாயங்காலத்தின் சாம்பல் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. ஈரப் பெயின்டின் நெடி மூக்கைக் காந்தியது. கீழே படிகளில் வாளி மோதி மோதி இறங்கும் சத்தம் ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்து மெலிந்தது. காலுக்கடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாள் அவள் நகரும்போதெல்லாம் மொறுமொறுத்து, அவள் நின்ற பிறகும் ஒரு கணம் மொறுமொறுத்தது. சுவரெல்லாம் தேடினாள். கோட்டு மாட்ட ஒரு ஆணிகூட இல்லை. ஜன்னலை நெருங்க நெருங்கப் பெயின்ட் நெடிக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெல்ல எழுந்து வந்தது.

நெய்.

ஜன்னல் திண்டில் பருக்கைகள் சிந்திக் கிடந்தன. சில காய்ந்திருந்தன. சில இன்னும் ஈரமாக இருந்தன.

கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க உள்ளங்கைத் தடங்கள். ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றின் மேல் இன்னொன்று. கையாட்டினால் இப்படித் தடம் விழாது. இது அடித்த தடம். உள்ளே நின்று, இரண்டு கையாலும், விடாமல் அடித்த தடம். ஐயோ, அன்றைக்கு அந்தப் பெண் கையாட்டவில்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

ஓடிப்போய்க் கதவைத் தடவினாள். பெயின்ட் அடிப்பதற்காகக் கைப்பிடியைக் கழற்றியிருந்தார்கள். சின்னச் சதுரத் துளை மட்டும் இருந்தது. விரலை விட்டுத் திருகினாள். நகம் பெயர்ந்தது. "யாராவது இருக்கீங்களா!" என்று கத்தினாள். தமிழில் கத்துகிறோம் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. இந்த ஊர் பாஷையில் உதவிக்கு என்ன சொல்வார்கள்? வாயில் வரவில்லை. மறுபடியும் தமிழிலேயே கத்தினாள். கீழே எங்கோ தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினாள். கொண்டிமேல் புதுப் பெயின்ட் காய்ந்து இறுகியிருந்தது. அசையவில்லை.

எதிரே, அவளுடைய சமையலறையில், விளக்கு எரிந்தது.

அப்பாடா, எழுந்துவிட்டான் என்று ஒரு கணம் உயிர் வந்தது.

அவன் இல்லை.

நீலப்பூ நைட்டி. கொண்டையில் குத்திய கிளிப். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நிற்கிற நிற்பு. விளக்குக்கு முதுகு காட்டி நின்றதால் முகம் தெரியவில்லை. இடுப்பில் சுண்டு. கையில் கிண்ணம். திண்டில் நிமிர்த்தி வைத்த போனில் வெளிச்சம். அத்தை அழைக்கிற நேரம். அந்தப் பெண் பிள்ளையின் கையைப் பிடித்து போனுக்கு நேராக ஆட்டிக் காட்டினாள்.

அவள் கண்ணாடியை அடித்தாள். உள்ளங்கையால். இரண்டு உள்ளங்கையாலும். "ஏங்க! ஏங்க! அது நான் இல்லைங்க!"

அவன் வந்தான். கொட்டாவி விட்டுக்கொண்டு, வயிற்றைச் சொறிந்துகொண்டு வந்தான். அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தான். அவள் ஏதோ சொல்லி ஜன்னலைக் காட்டினாள். அவன் குனிந்தான். கண்ணைச் சுருக்கி, சந்துக்கு இந்தப் பக்கம், நேராக, பழுப்புக் கோட்டில் நின்ற மனைவியையே பார்த்தான்.

"நான்தாங்க! இங்க பாருங்க!"

பார்த்தான். சிரித்தான். ஏதோ சொன்னான். கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். கிண்ணத்திலிருந்து ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு உள்ளே போய்விட்டான்.

சுண்டு தலையைத் திருப்பிக்கொண்டது. சோறு வேண்டாமாம். அடம். பழைய அடம்.

அந்தப் பெண் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கினாள். ஜன்னலுக்கு நேராக நீட்டினாள்.

இங்கே அவள் கைகள் தாமாக நீண்டன. கண்ணாடியில் இடித்தன. "குடு. குடுத்துடு. என் பிள்ளை. குடுத்துடு."

சுண்டு அவளைப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது. முகம் கோணியது. அலறித் திரும்பி, அந்தக் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது.

பிறகு வாயைத் திறந்தது.