நீலக்கரைத் துவாய்

சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணிக்குக் குகதாசன் வீடு திரும்பியபோது அவருடைய தலைமயிர் ஈரமாக இருந்தது.

மழை இல்லை. நவம்பர் மாதம். சுவிஸின் கூர் நகரத்தைச் சுற்றியிருந்த மலைகளில் முதல் பனி விழுந்து முடிந்து, வானம் வெளித்திருந்தது. பேர்ன் பக்கத்தில் இருக்கும் மோர்மன்காரரின் கோயிலில் அவர் தண்ணீரில் இறங்கியது காலை பதினொரு மணிக்கு. பிறகு சாப்பாடு. பிறகு ஹீட்டர் போட்ட காரில் மூன்று மணி நேரப் பயணம். எருமைத் தோலாக இருந்தாலும் அதற்குள் காய்ந்திருக்கும்.

"அங்க துடைக்க ஒண்டும் தரல்லியா?" என்று கேட்டேன்.

"தந்தவை. துடைச்சனான்." அவர் தலையைத் தடவினார். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை அவரே புதினமாகப் பார்த்தார். "என்னப்பா இது?"

பிறகு குசினி மேசையில் போய் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"தேத்தண்ணி ஒண்டு தாகா."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மோர்மன் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தபின் ஐந்து மாதமாக அந்த மனிதர் தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை. அவர்களுக்கு அது ஆகாது. அதுகூடப் பரவாயில்லை. குகதாசன் யாழ்ப்பாணத்துக்காரர். என்னிடம் 'தாரும்' என்றுதான் கேட்பார். 'தாகா' என்பது மட்டக்களப்புப் பேச்சு. என்னிடம் அப்படி உரிமையோடு கேட்ட ஆம்பிளை உலகத்திலேயே ஒருவர்தான்.

அவருடைய பெயருக்காகத்தான் அன்று காலை குகதாசன் தண்ணீரில் இறங்கியிருந்தார்.

அவர் பெயர் இரவீந்திரன். என் முதல் கணவர், மிதுஷாவைப் பெற்ற தகப்பன். மட்டக்களப்பில் குளத்துக் காவல் வேலை. தொண்ணூறாம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு காலை, கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டபடி, "துவாயத் தாகா" என்று கூப்பிட்டார். நான் மிதுஷாவுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது இரண்டு வயது. "நில்லுங்க, வாறன்" என்றேன். பிள்ளையின் வாயைக் கழுவினேன். பிறகுதான் அறைக்குள் போய்த் துவாயை எடுத்தேன்.

வெளியே வந்தபோது வாளி இருந்தது. சவர்க்காரம் இருந்தது. ஈரக் காலடிகள் படலை வரைக்கும் போயிருந்தன. அவற்றின் இரண்டு பக்கமும் இராணுவச் சப்பாத்துக் காலடிகள். றோட்டில் வாகனம் புறப்படுகிற சத்தம்.

ஒரு துவாய் எடுக்க எவ்வளவு நேரம் வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லா முகாம் வாசலிலும் நின்று என்னிடமே கேட்டேன். ஒரு முகாமிலும் அவர் பெயர் இல்லை. கடைசியில் பிள்ளையையும் அந்த நீலக்கரைத் துவாயையும் தூக்கிக்கொண்டு சுவிஸுக்கு வந்து சேர்ந்தேன். பொட்டை அழிக்கவில்லை. காரியம் ஒன்றும் செய்யவில்லை. செத்ததற்குச் சாட்சியே இல்லாத மனிதருக்கு என்னவென்று காரியம் செய்வது?

குகதாசன் கூரில் ஒரு ஹொட்டலின் குசினியில் வேலை செய்தார். நல்ல மனிதர். இதைப் பின்னால் எதற்கும் சாட்டாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நல்லவர். அகதி அட்டையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, எப்போது பிடித்து ஊருக்கு ஏற்றுவார்களோ என்று நாங்கள் வயிற்றில் நெருப்போடு இருந்த காலத்தில், தொண்ணூற்றேழில், அவருக்கு அமெரிக்க விசா லொத்தர் விழுந்தது. அவருடைய பெரிய குசினிக்காரர் புறுன்னர் ஒரு மோர்மன். தங்கையும் மச்சானும் யூட்டாவில் ஹொட்டல் வைத்திருக்கிறார்கள், வேலையும் வீடும் தருவார்கள் என்றார். படங்களைக் கொண்டுவந்து காட்டினார். சிவந்த மலைகள். வரிசை வரிசையாகப் புது வீடுகள். வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள், வாசலில் சைக்கிள், தோணி, கூடாரம்.

"கிழமைக்கு ஒரு புதுத் தெரு போடினமாம். எல்லாரும் மலை ஏறுற சனமாம்" என்றார் குகதாசன், கண் மின்ன.

"தேத்தண்ணி குடிக்காத ஊருக்கு மனுசர் போவாங்களா?"

"உமக்கு நான் ஒளிச்சு வாங்கித் தாறன்."

சிரித்தோம். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது என்று நினைக்கிறேன்.

எங்களைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் அவர் என்னைக் கட்ட வேண்டும். கட்டுவதென்றால் இரவீந்திரன் செத்ததற்குப் பத்திரம் வேண்டும். காணாமல் போனவர்களைச் செத்தவர்களாகப் பதியலாமென்று ஊரில் சட்டம் வந்திருந்தது. இரவீந்திரனின் அக்கா யோகாம்பாளுக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: 'நீ கொல்லு, நான் சாட்சிக் கையெழுத்து வைக்கிறன்.'

வைத்தாள். பத்திரம் வந்தது. யூன் மாதம் கலியாண எழுத்து நடந்தது.

ஒக்டோபரில் புறுன்னர் ஒரு தாளோடு வந்தார். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தவர்களுக்காக, உயிரோடிருக்கிற ஒருவர் அவர்களுடைய பெயரில் தண்ணீரில் இறங்குவார். உங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் தாருங்கள் என்றார். குகதாசன் தன் தகப்பனின் பெயரை எழுதினார். இரவீந்திரனின் பெயரைச் சொன்னது நான்.

ஏன் சொன்னேன்? அது செத்தவருக்கு நாம் செய்கிற அந்தியேட்டி மாதிரி ஒன்றென்று நினைத்தேன். ஏழு வருடமாக அந்த மனிதருக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விட ஆளில்லை. ஆரோ செய்கிறார்கள், அந்தப் புண்ணியத்தோடு அவர் என்னை விட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

புறுன்னர் கவனமான மனிதர். பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "இவர் இறந்தது நிச்சயம்தானா? சந்தேகம் இருந்தால் வேண்டாம், பொறுத்திருப்போம்."

சந்தேகம் என்றால் என் கலியாணம் பொய். விசா பொய். நான் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நிச்சயம்" என்றேன்.

அன்று சனிக்கிழமை, தேத்தண்ணியை அவர் குடித்து முடித்தபின், அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "அவரின்ர பேரைச் சொல்லி என்னை முழுசாத் தண்ணிக்குள்ள தாட்டவை. பிறகு தூக்கி எடுத்தவை" என்றார்.

தூக்கி எடுத்தவை.

நம் சடங்கில் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோம். அங்கே தண்ணீருக்குள்ளிருந்து தூக்கி எடுக்கிறார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை, விளக்கமாகத்தான் சொல்லியிருந்தார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டியவள் நான்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்ட குகதாசன், சப்பாத்துகளைக் கவிழ்த்துப் பிடித்துப் படியில் மூன்றுதரம் தட்டினார். பிறகுதான் காலைப் போட்டார். குளக்கட்டுக் குடிலில் தேள் ஏறும் என்று இரவீந்திரன் தினமும் அப்படித்தான் தட்டுவார்.

"ஏன் தட்டுறீங்க?"

"தட்டினனானோ?"

அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை மிதுஷா பள்ளிக்கூடத்தால் வந்து சொன்னாள்: "அம்மா, மாமா என்னய 'மனே' எண்டு கூப்பிட்டவர். நல்லா இருந்த." குகதாசனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். 'மனே' என்று மட்டக்களப்பில் பெற்றவர்கள் பிள்ளையைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை இந்த நாட்டில் அவள் யாரிடமும் கேட்டிருக்க முடியாது.

பிறகு வாசம் வந்தது. காலையில் குகதாசனின் தலையணை நனைந்திருக்கும். பாசி பிடித்த கிணற்று வாசம், அதோடு சிவப்புச் சவர்க்கார வாசம். தலையணையை ஹீட்டர் மேல் வைத்தால், பின்னேரம் வீடு முழுக்க எங்கள் கிணற்றடி மணக்கும். நான் கதவைப் பூட்டிக்கொண்டு குளியலறைக்குள் இருந்து அழுவேன். பயத்திலா ஆசையிலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"இஞ்சேரும்," என்றார் குகதாசன் ஒருநாள், மெல்ல. "எனக்குப் பின்னால ஆரோ நனைஞ்சபடி நிக்கிற மாதிரிக் கிடக்கு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பெப்ரவரியில், புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, யோகாம்பாளின் கடிதம் வந்தது. இந்தமுறை ஒரு வரியல்ல.

'தெற்கில ஒரு முகாமில இருந்து விடுதலையான ஒராள் வந்தவர். ஏழு வருசமும் தம்பியோட ஒரே அறையில இருந்தவராம். தம்பி நல்லா இருந்தானாம். மகள் இப்ப எந்த வகுப்புப் படிப்பாள் எண்டு விரல் விட்டு எண்ணுவானாம். நவம்பர் எட்டாந் திகதி சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு, வரிசையில நிக்கக்குள்ள, ஆரோ தலையத் தண்ணிக்குள்ள அமத்துற மாதிரித் திணறினானாம். விழுந்திட்டான். தூக்கக்குள்ள உயிர் இல்ல, உச்சியில இருந்து உள்ளங்கால் வரை ஈரம். அந்த இடத்தில பைப்பும் இல்ல, வாளியும் இல்ல. தண்ணி எங்கால வந்த எண்டு அந்தாளுக்குத் தெரியல்ல. உனக்குத் தெரியுமா?'

அங்கே நாலு மணி என்றால் இங்கே பதினொன்று. இரண்டுதரம் எண்ணிப் பார்த்தேன்.

அதுவரைக்கும் அவர் உயிரோடு இருந்தார்.

நான் நிச்சயம் என்று சொல்லியிருந்தேன்.

கடிதத்தைக் குகதாசனுக்குக் காட்டவில்லை. குசினித் தொட்டிக்குள் வைத்து எரித்தேன். வீட்டை விட்டாயிற்று, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நிறுத்தியாயிற்று, ரிக்கற் எடுத்தாயிற்று. காட்டி யாரைத் திருப்பி எடுப்பது? சீ, இப்படியும் ஒரு பெண்ணா என்று நீங்கள் நினைக்கலாம். நான் முதலே நினைத்துவிட்டேன்.

புறப்படும் நாள் காலை ஒன்பது மணி. சுவிஸ்காரரிடம் வீட்டை ஒப்படைப்பது லேசான வேலையில்லை. அடுப்புக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் மினுக்கிவிட்டு, குசினி ஜன்னலைக் கடைசியாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். குளியலறையை ஒரு துளி ஈரம் இல்லாமல் துடைத்து மூடியிருந்தேன்.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, இந்த மனுசன்! துடைச்ச இடத்திலயா குளிக்கிறீங்க?"

தண்ணீர் நின்றது. குழாய்த் தண்ணீர் அல்ல அது. வாளியால் அள்ளி ஊற்றுகிற சத்தம்.

"துவாயத் தாகா."

எல்லாத் துவாயும் பெட்டிக்குள் போயிருந்தன. கைப்பையில் ஒன்று மட்டும் இருந்தது. நீலக்கரை.

"நில்லுங்க, வாறன்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"போயிராதீங்க" என்றேன்.

கைப்பை நான்கு அடி தள்ளி இருந்தது. ஓடினேன். இந்தமுறை ஓடினேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. வெந்நீர் ஆவி இல்லை. கிணற்றுக் குளிர். மணிக்கட்டில் சவர்க்கார நுரையோடு ஒரு கை வெளியே நீண்டு, துவாயை வாங்கிக்கொண்டது.

"எவ்வளவு நேரம்கா" என்று ஒரு பெருமூச்சு.

அப்போது கீழே தெருவிலிருந்து கார் ஹோர்ன் சத்தமும், குகதாசனின் குரலும் வந்தன.

"ஜெயமலர்! இறங்கி வாரும்! நானும் பிள்ளையும் எவ்வளவு நேரம் காருக்குள்ள இருக்கிறது?"

கதவைத் தள்ளினேன். குளியலறை நான் துடைத்தபடியே காய்ந்து கிடந்தது. துவாய் இல்லை. ஈரக் காலடிகள் மட்டும், வாசலிலிருந்து என்னைச் சுற்றிக்கொண்டு, படிக்கட்டால் கீழே இறங்கிப் போயிருந்தன. இந்தமுறை அவற்றின் பக்கத்தில் வேறு காலடி இல்லை.

கேட்டது கிடைத்துவிட்டது, இனிப் போய்விடுவார் என்று நினைத்தேன். புத்தி கெட்டவள்.

யூட்டாவுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. படத்தில் பார்த்தபடியே எல்லாம் இருக்கின்றன. பக்கத்து வீட்டார் கேக் கொண்டுவந்து தருகிறார்கள். குகதாசன் சப்பாத்தைத் தட்டுவதில்லை, தலையணை நனைவதில்லை, நன்றாகச் சிரிக்கிறார். சனிக்கிழமைகளில் மிதுஷாவோடு மலை ஏறுகிறார்.

வந்த அன்று பெட்டியைத் திறந்தபோது, நீலக்கரைத் துவாய் எல்லாவற்றுக்கும் மேலே நனைந்து கிடந்தது. பிழிந்து வெளியே போட்டேன். இது கொதிக்கிற பாலை ஊர்; கொடியில் போட்ட சீலை பத்து நிமிடத்தில் காய்ந்து விறைத்துவிடும். அந்தத் துவாய் இன்றுவரைக்கும் காயவில்லை.

நேற்று மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மிதுஷா பின்பக்கத்திலிருந்து ஓடி வந்து, கொடியில் கிடந்த அந்தத் துவாயை இழுத்து எடுத்தாள்.

"ஆருக்கு அது?"

"அப்பாக்கு" என்றாள். "குளிச்சுப்போட்டு நிக்கிறார்."

குகதாசன் வேலைக்குப் போயிருந்தார். அவரை அவள் இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.