துவைக்காத சேலை

கௌசிக்கின் உச்சந்தலையில் எச்சில் வாடை அடித்தது.

சாயங்காலம் பேபி சிட்டிங்கிலிருந்து மகனைத் தூக்கியதும் உச்சியில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பது பேராச்சியின் வழக்கம். பவுடரும் வேர்வையும் பாலும் கலந்த அந்த வாசனைக்காகத்தான் மும்பை மாட்டுங்காவில் பல் டாக்டருக்கு உதவியாளாக நின்று, நாள் பூராவும் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு அவள் பொறுமையாக இருக்கிறாள். இன்று அங்கே இருந்தது வேறு வாடை. வயசானவர்கள் பல் செட்டைக் கழற்றியதும் குப்பென்று மூஞ்சியில் அடிக்குமே, அது.

வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். போகவில்லை. மாரில் போட்டால் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன வாரம் வரை வாசலிலேயே மாராப்பைப் பிடித்து இழுத்த பிள்ளை, இப்போது கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. பால் கட்டி மார் இரண்டும் கல்லாகக் கிடந்து வலித்தன.

“பால் மறந்துட்டாம்னா நல்லதுதானட்டி. எதுக்கு டென்ஷன் ஆவுத?” என்றான் அவள் புருஷன் வானமாமலை, தோல் பட்டறையிலிருந்து வந்த அலுப்போடு. “நீயா தேடிப் பிடிச்ச எடந்தான?”

அவளாகத் தேடியதுதான். சுனாபட்டியில் பார்த்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளின் மூக்கையும் ஒரே துணியால் துடைத்தார்கள். அதே துணியால் பால் டம்ளரையும் துடைத்தார்கள். மாஹிமில் பிஸ்கட் டப்பாவுக்குள்ளிருந்து கரப்பான் ஓடியது. அந்த ஆன்ட்டி அதைக் கையாலேயே அடித்துவிட்டு, அதே கையால் பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். போதாததற்கு இரண்டு இடத்திலும் காது கிழிகிற அழுகை. கடைசியில் தாராவிக்குள்ளேயே, லேபர் கேம்ப் மாடியில் அகிலாண்டம் அக்காவின் அறை. பினாயில் மணக்கும் தரை. உத்தரத்துக் கொக்கிகளில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஒரு பிள்ளைகூட அழவில்லை. அதற்கும் மேல், அக்கா நம்ம ஊர், திசையன்விளைப் பக்கம். பேராச்சி அந்தப் பேச்சிலேயே விழுந்துவிட்டாள்.

“ஒன் பழைய சேலை ஒண்ணு கொண்டா தாயி. தொவைக்காமக் கொண்டா, பால்மணம் இருக்கணும்லா. அதுல தொட்டில் கெட்டுனா, பிள்ளை ஒன் மடியில கெடக்கதா நெனச்சு ஒறங்கிரும்.”

ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று பால் கறை படிந்த பச்சைச் சேலையைக் கொடுத்தாள். அக்கா அதை முகத்தில் வைத்து முகர்ந்தாள். முகர்ந்துகொண்டே இருந்தாள். சீ, அப்போதே பிடுங்கியிருக்க வேண்டும்.

பிள்ளை தலையில் அந்த வாடை அடித்த மறுநாள் மழை வெளுத்து வாங்கியது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதென்று கிளினிக்கை மத்தியானமே மூடினார்கள். சாக்கடையும் மழையும் ஒன்றாகிக் கறுத்து நுரைத்த முழங்கால் தண்ணீரில், காலில் என்னென்னவோ வழவழவென்று உரசிப் போக, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் லேபர் கேம்ப் வந்து சேர்ந்தாள். கரண்ட் இல்லை. இரும்புப் படியில் கால் வைத்தபோது அந்த அறையிலிருந்து முதல் தடவையாக அழுகை கேட்டது.

கௌசிக்கின் அழுகை. பசித்தால் முதலில் இரண்டு விக்கல், அப்புறம் ஒரு நீண்ட இழுவை. எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும். வயிறு குளிர்ந்துபோனது. பிள்ளை பாலுக்கு அழுகிறான்! இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

கதவு திறந்தே கிடந்தது. பினாயில் மணமே இல்லை. புளித்த பால். எச்சில். மூடிவைத்த வாயின் நாற்றம் அறை முழுக்க.

பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தன. தூங்கவில்லை. விளையாடவில்லை. எல்லாத் தலையும் ஈரம். நக்கிவிட்டதுபோல முடி ஒட்டிக்கிடந்தது.

நடுவில் கௌசிக். கையில் தொட்டில் கயிறு.

அவன் வாய் மூடியிருந்தது.

அழுகை நிற்கவில்லை. பச்சைச் சேலைக்குள்ளிருந்து வந்தது. தொட்டில் தரையைத் தொடுமளவு தொங்கியது. கொக்கி கிறீச்சிட்டது.

“கௌசிக்... அம்மாட்ட வாடா.”

பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தான். மறுபடி கயிற்றை இழுத்தான்.

சேலை விரிந்தது.

அகிலாண்டம். முழங்கால் மோவாயில் இடிக்க, மடங்கிச் சுருண்டு. பல் செட்டு மடியில். பால் கறை படிந்த முந்தானை வாய்க்குள். சப்பிச் சப்பி அந்த இடம் நைந்து வெளுத்திருந்தது. கடைவாயில் கோழை வழிந்தது. பேராச்சியைக் கண்டதும் வெறும் ஈறு தெரியச் சிரித்தாள். தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள்.

இரண்டு விக்கல். நீண்ட இழுவை. கௌசிக்கின் குரல்.

பேராச்சி தனக்கே சொல்லிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கு. ஓடு. கால் நகரவில்லை.

ரவிக்கைக்குள் வெதுவெதுப்பு.

வேண்டாம். அவள் இரண்டு கையாலும் மாரை அழுத்தினாள். நிற்கவில்லை. நாள்கணக்காய்க் கல்லாகக் கிடந்தது இளகியது. அந்த அழுகைக்கு இளகியது. விரலிடுக்கில் பால். வயிற்றில் பால். தரையில் சொட்டுச் சொட்டாய்ப் பால்.

முந்தானையைத் துப்பிவிட்டு அந்த ஈறு வாய் திறந்தது.

கௌசிக் தொட்டில் கயிற்றைப் பேராச்சியின் பக்கமாக இழுத்தான்.